‘உரிய நேரத்தில்’ என்றால் எத்தனை வினாடி? நெறிமுறை ஸ்பெக் எழுதுவது பற்றி

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர்க் குழாயில் இருக்கும் ஃப்ளோ மீட்டரை மோட்பஸ் என்ற, தொழிற்சாலைக் கருவிகளின் தொடர்பு முறை வழியாகப் படித்து, சிம் போட்ட ஒரு கேட்வே பெட்டி மூலம் நிமிடத்துக்கு ஒரு அளவீடு சர்வருக்கு அனுப்புகிறார்கள். கேட்வே இவர்களுடையது. சர்வரைச் சென்னையில் வேறொரு குழு எழுதுகிறது. நடுவில், இணையத்தில் டேட்டாவைக் கொண்டுசேர்க்கும் டிசிபி மேல் ஓடும் ஒரு சொந்த நெறிமுறை (புரோட்டோகால்). அதற்கு இவர் எழுதிய ஸ்பெக்கை (விதிகளைச் சொல்லும் ஆவணத்தை), டெஸ்டிங் பார்க்கும் பெண் ‘இதை வைத்து டெஸ்ட் கேஸ் எழுத முடியாது’ என்று திரும்பத் திரும்ப அனுப்பிவிடுகிறார். ‘எங்கள் ஆங்கிலம் சரியில்லையா? டெக்னிக்கல் ரைட்டர் யாரையாவது வைக்கலாமா?’ என்பது கேள்வி.

வைக்க வேண்டாம் தம்பி. உங்கள் ஆங்கிலத்தில் குறையில்லை. நீங்கள் எடுத்துக்காட்டாகக் கொடுத்த மூன்று வரியையும் படித்தேன். இலக்கணம் சுத்தமாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வரிக்குள்ளும் நீங்கள் இன்னும் எடுக்காத முடிவுகள் நாலைந்து ஒளிந்துகொண்டிருக்கின்றன. நல்ல நடை தெரிந்தவர் கையில் கொடுத்தால், அந்த எடுக்காத முடிவுகளை இன்னும் அழகாக மூடிவைத்துக் கொடுப்பார். உங்கள் டெஸ்டர் செய்வது மொழித் திருத்தம் அல்ல. ‘இங்கே ஒன்றை முடிவு செய்யாமல் விட்டிருக்கிறீர்கள்’ என்று விரல் வைத்துக் காட்டுகிறார். அவர் சொல்வதை அப்படி எடுத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

உங்கள் முதல் வரியையே எடுப்போம்: ‘சர்வர் உரிய நேரத்தில் பதில் தராவிட்டால் கேட்வே டேட்டாவை மீண்டும் அனுப்பும்.’

உரிய நேரம் எவ்வளவு என்பது எல்லாருக்கும் தோன்றும் கேள்வி. அதைவிட முக்கியமான கேள்விகள் பின்னால் நிற்கின்றன. அந்த நேரத்தை எப்போதிலிருந்து எண்ணுவது? மீண்டும் அனுப்பும்போது அதே வரிசை எண்ணா, புதிய எண்ணா? அதே இணைப்பிலா, இணைப்பை மூடித் திறந்தா? முதல் பாக்கெட்டுக்கான பதில், இரண்டாவதை அனுப்பிய பிறகு தாமதமாக வந்து சேர்ந்தால்? எத்தனை தடவை அனுப்பிப் பார்த்துவிட்டு நிறுத்துவது? இவற்றில் ஒன்றைக்கூட உங்கள் வரி சொல்லவில்லை. கேட்வே எழுதுபவர் தனக்குத் தோன்றியபடி ஒன்றைச் செய்வார், சர்வர் எழுதுபவர் வேறொன்றைச் செய்வார், இருவரும் ஸ்பெக்கைக் காட்டித் தான் செய்ததுதான் சரி என்பார்கள். விளைவு என்ன? ஒரே அளவீடு இரண்டு முறை பதிவாகும். கழிவுநீரின் அன்றைய மொத்தம் கூடிப்போகும். அனுமதித்த அளவைத் தாண்டியதாகத் தொழிற்சாலைக்குக் கேள்வி வரும். பாலாற்றங்கரையில் இந்தக் கணக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று. டிசிபியே தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்பிக்கொள்ளும். அதே இணைப்பில் நீங்களும் மறுபடி அனுப்புவதால் பெரிதாகப் பயன் இல்லை. ஆனால் டிசிபி ‘சேர்ந்தது’ என்று சொல்வது எதிர்ப்பக்க இயங்குதளத்தின் பஃபருக்குச் சேர்ந்தது என்பதைத்தான். சர்வர் அதை டேட்டாபேஸில் எழுதிவிட்டது என்பதற்கு அது சாட்சி அல்ல. ஆகவே ‘பதிவு செய்துவிட்டேன்’ என்று சர்வர் சொல்லும் ஓர் ஏற்புப் பாக்கெட் உங்களுக்கென்று தேவைதான். அது வராவிட்டால் இணைப்பை மூடி, புது இணைப்பில் அனுப்புவதே சரி. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

கேட்-14: டேட்டா பாக்கெட்டை அனுப்பிய 10 வினாடிக்குள் அதே வரிசை எண் கொண்ட ஏற்பு வராவிட்டால், கேட்வே அந்த டிசிபி இணைப்பை மூட வேண்டும். கேட்வே வலையோடு இணையும் முனையில் அளக்கும்போது, பாக்கெட்டின் கடைசி பைட்டுக்கும் இணைப்பை மூடும் ஃபின் அல்லது ஆர்எஸ்டி சைகைக்கும் இடையே 10 முதல் 11 வினாடி இருக்க வேண்டும்.

கேட்-15: புது இணைப்பில், ஏற்பு வராத பாக்கெட்டுகளை அதே வரிசை எண்ணோடும் அதே உள்ளடக்கத்தோடும், பழையதிலிருந்து புதியது என்ற வரிசையில் கேட்வே அனுப்ப வேண்டும்.

சர்-09: ஏற்கெனவே பதிவு செய்த கேட்வே எண்ணும் வரிசை எண்ணும் மறுபடி வந்தால், சர்வர் பதிவை மாற்றாமல் ஏற்பு மட்டும் அனுப்ப வேண்டும்.

இதில் நடை என்று ஒன்றும் இல்லை, கவனித்தீர்களா? ஒவ்வொரு வரியிலும் யார் செய்ய வேண்டும் என்பது இருக்கிறது. ‘பாக்கெட் நிராகரிக்கப்படும்’ என்று எழுதினால் யார் நிராகரிப்பது என்பது காணாமல் போய்விடும். ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் இருக்கிறது, டெஸ்ட் ரிப்போர்ட்டில் ‘கேட்-14 தோல்வி’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். அளக்கும் இடமும் இருக்கிறது. டெஸ்டர் உங்கள் கோடுக்குள் எட்டிப் பார்க்கமாட்டார், வலையில் போவதைப் பதிவு செய்து காட்டும் டிசிபிடம்ப்பில் தெரிவதுதான் அவருக்கு உலகம். கம்பியில் தெரியாத ஒன்றை ஸ்பெக்கில் கட்டாயம் ஆக்காதீர்கள். ‘கேட்வே டேட்டாவை எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் சேமிக்க வேண்டும்’ என்று நீங்கள் எழுதியிருப்பது இந்த ஆவணத்தில் இருக்கவே கூடாது. ‘இணைப்பு இல்லாத 7 நாள் அளவீடுகளை, அதாவது 10,080 பதிவுகளை, இழக்காமல் வைத்திருந்து இணைப்பு வந்ததும் அனுப்ப வேண்டும்’ என்பது இருக்கலாம். அதைச் சோதிக்க முடியும்.

எண் போடுவது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. 2014இல் ஓயாசிஸ் என்ற தர அமைப்பு தரமாக வெளியிட்ட, கருவிகள் செய்தி அனுப்பும் நெறிமுறையான எம்க்யூடிடி 3.1.1ஐப் புரட்டிப் பாருங்கள், கட்டாயம் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடைப்புக்குறிக்குள் தனி எண் இருக்கும். அதிலேயே, இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று பார்க்கும் கீப்அலைவ் பற்றிய பகுதியைப் படியுங்கள். கிளையன்ட் சொன்ன இடைவெளியின் ஒன்றரை மடங்குக்குள் அதனிடமிருந்து எதுவும் வராவிட்டால், சர்வர் இணைப்பைத் துண்டித்தே ஆக வேண்டும். ‘நீண்ட நேரம் அமைதியாக இருந்தால்’ என்று எழுதாமல் ஒன்றரை மடங்கு என்று எழுதியதால், 60 வினாடி என்று சொல்லிவிட்டு 90 வினாடி காத்திருந்து பார்க்கும் ஒரு டெஸ்ட் தானாகவே கிடைத்துவிடுகிறது. டிசிபிக்கே 2022இல் புதிதாக எழுதிய ஆர்எஃப்சி 9293இலும் (ஆர்எஃப்சி என்பவை இணைய நெறிமுறைகளை எழுதிவைக்கும் எண்ணிட்ட ஆவணங்கள்) மஸ்ட்-1, மஸ்ட்-2 என்று ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, கடைசியில் பட்டியலும் கொடுத்திருக்கிறார்கள்.

டிசிபி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பெரியவர்கள் எழுதியதில் ஓட்டை இருக்காது என்று நினைக்காதீர்கள். 1981இல் வந்த ஆர்எஃப்சி 793இல் அவசர டேட்டாவைக் காட்ட ‘அர்ஜென்ட் பாயின்டர்’ என்று ஒரு புலம் உண்டு. அது எதைச் சுட்டுகிறது? ஓரிடத்தில், அவசர டேட்டாவுக்கு அடுத்த பைட்டை என்று படிக்கும்படி எழுதியிருந்தது. இன்னோரிடத்தில், அவசர டேட்டாவின் கடைசி பைட்டை என்று படிக்கும்படி இருந்தது. ஒரே ஒரு பைட் வித்தியாசம். 1989இல் ஆர்எஃப்சி 1122 பஞ்சாயத்து பண்ணி, ‘கடைசி பைட் என்பதே சரி’ என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குள் ஊரில் ஓடிய இயங்குதளங்கள் பெரும்பாலும் மற்றதைப் பிடித்துக்கொண்டிருந்தன, தீர்ப்புக்குப் பிறகும் மாறவில்லை. கடைசியில் 2011இல் ஆர்எஃப்சி 6093 வந்து, ஓடுகிற கோடுக்கு ஏற்ப ஸ்பெக்கை மாற்றிவிட்டது. 5 பைட் டேட்டா அனுப்பினால் அந்தப் புலத்தில் என்ன எண் இருக்க வேண்டும் என்று ஒரே ஓர் உதாரணம் 1981லேயே போட்டிருந்தால், இந்த 30 வருடக் குழப்பத்துக்கு இடமே இருந்திருக்காது.

மஸ்ட் (கட்டாயம்), ஷுட் (செய்வது நல்லது), மே (விருப்பம்) ஆகிய மூன்று சொற்களை நீங்கள் பயன்படுத்தியிருக்கும் விதம் பற்றி. 1997இல் வந்த ஆர்எஃப்சி 2119 இவற்றுக்குப் பொருள் வரையறுத்தது. 2017இல் ஆர்எஃப்சி 8174, பெரிய எழுத்தில் எழுதினால் மட்டுமே அந்தச் சிறப்புப் பொருள் என்று தெளிவாக்கியது. அந்த வரையறையை முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் பாதிக்கு மேல் ஷுட் போட்டிருக்கிறீர்கள். முடிவெடுக்கத் தயங்கும்போது நாம் ஓடி ஒளியும் இடம் அந்தச் சொல். 2119இன்படி ஷுட் என்றால், தகுந்த காரணம் இருந்தால் மீறலாம், ஆனால் விளைவை எடைபோட்டுவிட்டு மீற வேண்டும். காரணம் என்ன என்று நீங்கள் எழுதாவிட்டால், மீறியவர் சரியா தப்பா என்று டெஸ்டர் எப்படிச் சொல்வார்? ஒவ்வொரு ஷுட்டுக்கும் பக்கத்தில் ‘இன்ன நிலையில் தவிர’ என்று எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால் அது பெரும்பாலும் நிபந்தனையோடு கூடிய மஸ்ட் ஆகிவிடும். முடியாவிட்டால் மே ஆக்குங்கள், அல்லது வரியையே அடித்துவிடுங்கள்.

மஸ்ட்டிலும் ஒரு கண்ணி உண்டு. உங்கள் ஹெட்டரில் ‘ஒதுக்கப்பட்ட 4 பிட், பூஜ்யமாக இருக்க வேண்டும்’ என்று இருக்கிறது. ஆர்எஃப்சி 793இலும் 6 பிட்டுக்கு இதே வாக்கியம் இருந்தது. அனுப்புபவர் பூஜ்யம் வைக்க வேண்டும் என்பதா, பெறுபவர் பூஜ்யம் இல்லாவிட்டால் தூக்கி எறிய வேண்டும் என்பதா? சில ஃபயர்வால்கள் இரண்டாவதுபோல நடந்துகொண்டன. நெரிசலை முன்கூட்டிச் சொல்லும் ஈசிஎன் வசதிக்கு 2001இல் அந்த பிட்டுகளில் இரண்டைப் பயன்படுத்தத் தொடங்கியதும், அவற்றைக் கண்ட இடத்திலெல்லாம் இணைப்பை வெட்டிவிட்டன. இப்போது 9293 இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகச் சொல்கிறது: அனுப்பும்போது பூஜ்யம் வை, பெறும்போது உனக்குத் தெரியாத பிட்டைக் கண்டுகொள்ளாதே. நீங்களும் அப்படியே பிரித்து எழுதுங்கள். அடுத்த வருடம் பிஎச் சென்சாரும் சேர்க்க வேண்டும் என்று கேட்பார்கள், அன்றைக்கு அந்த 4 பிட் உங்களைக் காப்பாற்றும்.

பைட் அளவிலான விஷயங்களுக்கு வருவோம். சண்டை அதிகம் நடப்பது இங்கேதான். ‘பாக்கெட்டின் இறுதியில் சிஆர்சி-16’ என்று எழுதியிருக்கிறீர்கள், வழியில் டேட்டா கெட்டதா என்று காட்டும் சோதனை எண் அது. எந்த சிஆர்சி-16? கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதாமல் ‘ஏரிக்கரையில் ஒரு துண்டு நிலம்’ என்று எழுதியதுபோல இருக்கிறது இது. பாலினாமியல், தொடக்க மதிப்பு, பிட்டுகளைத் திருப்புவதா, கடைசியில் எக்ஸார் செய்வதா என்று அத்தனையும் சொன்னால்தான் அது எது என்று தெரியும். சொல்லிவிட்டுக் கூடவே ஒரு சோதனை மதிப்பும் கொடுங்கள். 123456789 என்ற ஒன்பது ஆஸ்கி எழுத்துகளைக் கொடுத்தால் மோட்பஸ் வகை சிஆர்சி ஹெக்ஸில் (16 அடிமான எண்ணில்) 4பி37 தரும், எக்ஸ்மோடம் வகை 31சி3 தரும், கெர்மிட் வகை 2189 தரும். விளக்கத்தை யார் எப்படிப் புரிந்துகொண்டாலும், அந்த ஒரு மதிப்பு சண்டையை ஒரு நிமிடத்தில் தீர்த்துவிடும். அந்த இரண்டு பைட்டில் எது முதலில் போகிறது என்பதையும் சொல்லுங்கள். மோட்பஸில் ரெஜிஸ்டர் (மீட்டருக்குள் இருக்கும் 16 பிட் நினைவுக் கட்டம்) மதிப்புகள் உயர் பைட் முதலில், ஆனால் சிஆர்சி மட்டும் தாழ் பைட் முதலில். மீட்டரில் வேலை செய்து பழகியவர் ஒரு மாதிரி நினைப்பார், சர்வர்க்காரர் வேறு மாதிரி நினைப்பார்.

மீட்டர் பக்கத்திலும் இதே கதை. மேனுவலில் 40001 என்று போட்டிருக்கும் ரெஜிஸ்டர் கம்பியில் போகும்போது முகவரி 0. மொத்த ஓட்டத்தைக் காட்டும் 32 பிட் டோட்டலைசர் இரண்டு ரெஜிஸ்டரில் வருகிறது, எந்தப் பாதி முதலில் என்பதை மோட்பஸ் வரையறுக்கவில்லை, அதனால் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி செய்கிறது. உங்கள் ஸ்பெக்கில் மீட்டரின் மேனுவலைப் பார்க்கச் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறீர்கள். அதற்குப் பதில் ஒரு முழு பாக்கெட்டை பைட் பைட்டாக ஹெக்ஸில் அச்சிட்டு, கீழே ‘இது 1,234.5 கன மீட்டர், இந்திய நேரம் காலை 6:00’ என்று எழுதுங்கள். நேரம் எந்த நேரம் என்பதும் அப்போதே முடிவாகிவிடும். சர்வர் உலகப் பொது நேரத்தில் நாளைப் பிரித்தால், நள்ளிரவுக்கும் காலை 5:30க்கும் இடையே ஓடிய தண்ணீரெல்லாம் முந்தைய நாள் கணக்கில் போய் விழும்.

இப்படி எடுத்துக்காட்டு மதிப்புகள் கொடுப்பதில் ஓர் எச்சரிக்கை. உங்கள் போனில் 30 வினாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண் காட்டும் ஆப் இருக்கிறதே, அதன் அடித்தளம் 2005இல் வந்த ஆர்எஃப்சி 4226. அதில் ஒரு ரகசியச் சாவியைக் கொடுத்து, எண்ணி (கவுன்டர்) 0 என்றால் 755224, 1 என்றால் 287082 என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். உங்கள் கோடு 755224 தந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். அதன் தொடர்ச்சியாக 2011இல் வந்த 6238இலும் அதேபோல் பட்டியல் உண்டு. அங்கே எழுத்தில் 20 பைட் சாவி என்று சொல்லிவிட்டு, ஷா-256, ஷா-512 என்ற ஹாஷ் முறைகளுக்கு உரிய விடைகளை 32 பைட், 64 பைட் சாவிகளை வைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். பின்னிணைப்பில் இருந்த ஜாவா கோடைப் பார்த்தால்தான் அது தெரியும். எழுத்தை மட்டும் நம்பி எழுதியவர்களுக்கு விடை வரவே வராது. ஆகவே பட்டியலைத் தயாரித்தவரே சரிபார்க்கக் கூடாது. ஸ்பெக்கை மட்டும் படித்து இன்னொருவர் எழுதிய கோடு அதே விடையைத் தர வேண்டும்.

‘தவறான பாக்கெட்டை முறையாகக் கையாள வேண்டும்’ என்ற உங்கள் வரிக்குப் பின்னால், அனுப்புவதில் கறாராக இரு, பெறுவதில் தாராளமாக இரு என்ற பழைய அறிவுரை இருக்கிறது என்று ஊகிக்கிறேன். 1980 வாக்கில் ஜான் போஸ்டல் சொன்னது அது. அந்தக் காலத்தில் வலையை ஓட வைக்க அது உதவியது. இன்று நான் அதைப் பின்பற்றமாட்டேன். ஒருவர் தப்பாக அனுப்புவதை இன்னொருவர் பொறுத்துக்கொண்டால் தப்பே நாளடைவில் நெறிமுறை ஆகிவிடும். 2023இல் வந்த ஆர்எஃப்சி 9413 இதைத்தான் நீளமாக வாதிடுகிறது. ஒவ்வொரு புலத்துக்கும், மதிப்பு எல்லைக்கு வெளியே இருந்தால் என்ன பிழை எண், இணைப்பை மூடுவதா தொடர்வதா என்று எழுதுங்கள். சலிப்பான வேலைதான். வேறு வழியில்லை.

இணைப்பின் நிலைகளை ஓர் அட்டவணையாகப் போடுங்கள். இடப்பக்கம் நிலைகள், மேலே நிகழ்வுகள். ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. ‘இது நடக்கவே நடக்காது’ என்று தோன்றும் கட்டத்தில்தான் கோடை மதியத்தில் தகரப் பெட்டிக்குள் சூடேறிய கேட்வே போய் நிற்கும்.

மின்வெட்டையும் மறக்காதீர்கள். ஒரே ஃபீடரில் இருக்கும் எல்லாக் கேட்வேயும் கரன்ட் வந்த அதே நொடியில் சர்வரைத் தட்டும். ‘சிறிது சீரற்ற தாமதத்துக்குப் பின் இணைய வேண்டும்’ என்று எழுதினால், சீரற்றதா என்று யாராலும் சோதிக்க முடியாது. ‘தாமதம் 5 முதல் 60 வினாடிக்குள் இருக்க வேண்டும்; ஒரே கேட்வேயை 20 முறை அணைத்து இயக்கினால், மிகக் குறைந்த தாமதத்துக்கும் மிக அதிகமான தாமதத்துக்கும் இடையே ஒரு வினாடிக்கு மேல் வித்தியாசம் இருக்க வேண்டும்’ என்றால் சோதித்துவிடலாம்.

கடைசியாக ஒரு பெரிய ஓட்டை. உங்கள் வரிசை எண் 16 பிட். நிமிடத்துக்கு ஒன்று வீதம் நாளுக்கு 1,440. 65,536ஐத் தாண்ட நாற்பத்தைந்தரை நாள். 46ஆம் நாள் எண் மறுபடி 0 ஆகும். மேலே நான் எழுதிய சர்-09ஐ அப்படியே வைத்தால், சர்வர் புது அளவீட்டைப் பழையது என்று நினைத்துப் பதிவு செய்யாமல் ஏற்பு மட்டும் அனுப்பும். கேட்வேயும் சேர்ந்துவிட்டது என்று நம்பி அழித்துவிடும். எங்கும் ஒரு பிழைச் செய்தியும் வராது. எண்ணை 32 பிட் ஆக்குங்கள், இதே வேகத்தில் எட்டாயிரம் ஆண்டுக்கு மேல் தாங்கும். 16 பிட்டிலேயே இருக்க வேண்டிய கட்டாயம் இருந்தால், எண்ணோடு அளவீட்டு நேரத்தையும் சேர்த்து ஒப்பிடச் சொல்லுங்கள். எதைச் செய்தாலும், தொடக்க எண்ணை டெஸ்டர் மாற்றி வைக்க ஒரு வழி ஸ்பெக்கிலேயே இருக்கட்டும். 65,530இல் தொடங்கினால் பத்து நிமிடத்தில் தெரிவதை ஒன்றரை மாதம் காத்திருந்து பார்க்க வைக்காதீர்கள்.

எப்படிச் சரிபார்ப்பது என்றால், ஒரு ஸ்பெக் தேறியதா என்பதற்குத் தனித்தனியாக எழுதிய இரண்டு செயலாக்கங்கள் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்று, இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் 1996இல் ஆர்எஃப்சி 2026இல் விதி வைத்திருந்தது. உங்களால் அதைச் செலவில்லாமல் செய்ய முடியும். காட்பாடியில் விஐடி இருக்கிறது, பாகாயத்தில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது, இன்டர்ன்ஷிப் கேட்டு வரும் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. இருவரை எடுங்கள். ஸ்பெக்கை மட்டும் கையில் கொடுத்து, ஒருவர் பைத்தானில் கேட்வேயும் மற்றவர் சர்வரும் எழுதட்டும். உங்களிடமோ தங்களுக்குள்ளோ சந்தேகம் கேட்கக் கூடாது, கேட்கத் தோன்றியதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். இரண்டையும் இணைத்துப் பார்க்கும் நாளில் எது உடைகிறது என்பதைவிட அந்த நோட்டு உங்களுக்கு அதிகம் பயன்படும்.

சென்னைக் குழுவோடு அடுத்த வாரம் கூட்டம் என்று எழுதியிருந்தீர்கள். முழு ஸ்பெக்கையும் திருத்திக்கொண்டு போக நேரம் இருக்காது. நிலை அட்டவணையையும், ஹெக்ஸில் அச்சிட்ட ஒரு டேட்டா பாக்கெட்டையும், அதற்கான ஏற்புப் பாக்கெட்டையும் மட்டும் எடுத்துப் போங்கள். அட்டவணையில் நிரப்ப முடியாத கட்டங்களைச் சிவப்பில் வட்டமிட்டு, உங்கள் டெஸ்டரையும் கூடவே அழைத்துப் போங்கள். கேள்விகளை அவரே கேட்கட்டும்.